பொழுது சாய்ந்தபின் பரோட்டா

"ஐயய்யோ...!"

திண்டிவனம். கல்லூரி விடுதிக்குப் பின்னால் இருந்த கிணற்றை எட்டிப் பார்த்த சமையல்கார அஞ்சம்மாள் போட்ட அலறலில் விடுதியே எழுந்து ஓடி வந்தது.

தண்ணீரில் குப்புற மிதந்தாள் பத்மப்ரியா. சமூகவியல் மாணவி!

இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி வருவதற்குள் மாணவர்களே வழக்கை முடித்து வைத்திருந்தார்கள்.

"லவ் ஃபெயிலியர் மேடம்! நேத்து ராத்திரி எட்டு மணிக்கு விக்கிரவாண்டி தாபால எவன்கூடவோ பரோட்டா சாப்பிட்டுக்கினு அழுதுச்சாம்..."

"பார்த்தது யாரு?"

"எல்லாரும் சொல்றாங்க மேடம்!"

எல்லாரும்! சாட்சிகளிலேயே படுமட்டமான சாட்சி.

பிணம் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனது. கதை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது! மார்ச்சுவரி வாசலில் நின்ற பார்சுவநாத்தின் காதிலும் விழுந்திருந்தது. வல்லத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரி. செத்தவளின் அப்பா.

"கேஸ் வேணாம்மா... இருந்த மானமும் போச்சு. பொண்ண குடுங்க, எடுத்துக்கினு போறோம்."

"அவசரப்படாதீங்கய்யா."

"ஒண்ணே ஒண்ணுதாம்மா மனசு ஆறல. நாங்க ஜைனங்க. பொழுது சாஞ்சா வாய்ல சோறு வைக்க மாட்டோம். ஹாஸ்டல்லயும் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுடுவா. எட்டு மணிக்குப் பரோட்டாவா?"

அன்புச்செல்வி சட்டென்று நிமிர்ந்தாள்.

மறுபடி திண்டிவனம்!

"உனக்கு யாரு சொன்னா?"

ஒவ்வொரு வாயும் இன்னொரு வாயைக் காட்டியது. கடைசி வாய்... மணிமாறன். பத்மப்ரியாவின் வகுப்புத் தோழன். வெலவெலத்துப் போனான்.

"நான் எதையும் பார்க்கல மேடம்... எங்க புரொபசர் சீனுவாசன் சார்தான் கிளப்பி விடச் சொன்னாரு. எங்க ப்ராஜெக்டே பசங்க பேசுற புரளிதான். அது எப்படிப் பரவுதுன்னு கூடவே இருந்து பார்க்கணும். ராத்திரி வாட்ஸப் க்ரூப்புல போடு, ப்ரியாகிட்ட பர்மிஷன் வாங்கியாச்சுன்னாரு!"

"எப்ப சொன்னாரு?"

"நேத்து... மத்தியானம்!"

ராத்திரி நடந்த கதை மத்தியானமே தயார்!

"ப்ரியாவுக்கும் அவருக்கும் என்னடா தகராறு?"

"அவ எழுதின ஆராய்ச்சிய தன் பேர்ல போட்டுக்கினாரு மேடம். யுனிவர்சிட்டில புகார் குடுக்கப் போறேன்னு சொல்லிக்கினு இருந்தா."

"மார்க்குக்காக ஒரு பொண்ணு பேரை நாறடிச்சியேடா, பாவி!"

அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டாள். புரளியை வைத்துப் புரொபசரைப் பிடிக்க முடியாது. ஆனால்... புரளி விட்டுப் பிடிக்கலாமே!

மணிமாறனை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு, நேராகக் கேன்டீன். ஒரு டீ. கான்ஸ்டபிளிடம் ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னாள்:

"கிணத்தாண்ட புல்லுல ஒரு சட்டை பட்டன் கிடக்குதாம்யா. சாயங்காலம் போய்த் தேடணும்!"

கேட்டது கல்லூரி முழுக்க. தேடி வந்தது ஒரே ஒருவர்...

சீனுவாசன்! கிணற்றடியில் மண்டியிட்டுப் புல்லை விலக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"அது... பட்டன்..."

"நான் கேன்டீன்ல கிளப்பி விட்டேனே, அதுவா? அப்படி ஒரு பட்டனே இல்ல சார்!"

அவர் முகம் வெளிறியது.

"அவ புகார் குடுத்திருந்தா என் வேலையே போயிருக்கும் மேடம்! பேசத்தான் கூப்பிட்டேன்... ஒத்துக்கல... தள்ளிட்டேன்!"

"பேசத்தான் கூப்பிட்டீங்களா? மத்தியானமே கதையக் கட்டிட்டு?"

விலங்கு விழுந்தது.

ஜீப்பை நோக்கி நடந்தபோது கேன்டீன் ஜன்னலில் ஒரு கிசுகிசு...

"சாருக்கும் ப்ரியாவுக்கும் ரொம்ப நாளா ஏதோ இருந்துச்சாம்டி!"

அன்புச்செல்வி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். மார்ச்சுவரி வாசலில் நிற்கும் அந்த அப்பா, இதையும் கேட்க வேண்டுமா?

சீனுவாசன் இளித்தார்.

"கேட்டீங்களா மேடம்? இதை யாராலயும் நிறுத்த முடியாது!"

"தெரியும் சார். உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியாது. அதான் என்கிட்ட இருந்த ஒரே விலங்கை உங்க கைக்கு மாட்டிட்டேன். ஏறுங்க, ஜல்தி!"