குடும்பக் குவியல்

குவியலில் சூடு இருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஈரப் புகையிலையை ஆளுயரத்துக்கு அடுக்கிச் சாக்குப் போட்டு மூடினால், அது தானாகவே உள்ளுக்குள் வெந்து, வியர்த்து, காரம் தணிந்து, பிறகு மெல்ல ஆறும். ஆறின இலையில்தான் சுருட்டு சுற்றுவார்கள். மாப்பிள்ளையை உறுத்தியது வேறு. உள்ளங்கையால் குவியலைத் தடவிக்கொண்டே வந்தபோது மற்ற இடமெல்லாம் ஆறிப்போய்ச் சில்லென்று இருந்தது. நெஞ்சு உயரத்தில் ஓரிடம் மட்டும், ஆள் இப்போதுதான் எழுந்துபோன படுக்கையைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த வீட்டில் எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளைதான். நாலு தலைமுறையாகச் சுருட்டு சுற்றும் குடும்பம். பெட்டியின்மேல் கொள்ளுத்தாத்தாவின் மீசை அச்சாகியிருக்கும். "பாதிப் பேர் மீசையப் பாத்துதான் வாங்குறான்" என்று மாமனார் சிரிப்பார். ஆனால் எந்தப் பெட்டியிலும் ஏறாத சுருட்டு ஒன்று உண்டு. வீட்டு ஆட்களுக்கு மட்டும் என்று இந்தக் குவியலிலிருந்து சுற்றுவது. கல்யாணத்துக்கு மறுநாள் அதில் ஒன்றை நுனி வெட்டிக் கொடுத்தார். முதல் இழுப்பில் வறுத்த கொட்டை வாசம், பாதியில் பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போல ஒரு தித்திப்பு, விரல் சுடும் நேரத்தில் நாக்கின் ஓரத்தில் மெல்லிய உப்பு. புகை கனமாக வாய்க்குள் உருண்டு, போக மனமில்லாமல் போயிற்று. அன்று விழுந்தவன்தான். பார்த்த வேலையை விட்டுவிட்டு, பெட்டி படுக்கையோடு வந்து வீட்டோடு மாப்பிள்ளை ஆனான். அவனுடைய அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

இப்போது போதும் போதும் என்றாகிவிட்டது. வாசல் தாண்டினால் எங்கே என்பார்கள், திரும்பி வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்பார்கள். நேற்றுத்தான் மனைவியிடம் மட்டும் வாயைத் திறந்தான். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, இந்த வாரமே இரண்டு பேரும் கிளம்பிவிடலாம் என்றான். அவள் அவன் தலையைக் கோதிவிட்டாள். காலையில் மாமனார் வந்து, "இன்னிக்குக் குடும்பக் குவியலுக்கு நீங்க கை பாருங்க மாப்பிள்ளை" என்றார். மற்றக் குவியல்களுக்கெல்லாம் வெப்பமானி உண்டு. இதற்கு மட்டும் வீட்டு ஆள் ஒருவர் தோள்வரை கையை உள்ளே விட்டுச் சூடு பார்க்கவேண்டும். போகிற நேரத்தில் எதற்கு மனஸ்தாபம், இதைச் செய்து கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று வந்துவிட்டான்.

ஜன்னல் இல்லாத அறை. இலைக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் மூலையில் ஒரேயொரு மங்கல் பல்பு. அவன் நுழைந்ததும் ஈரம் போகாமலிருக்க மாமனார் வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. தீக்குச்சி உரசியது. கதவின் அடி இடுக்கு வழியாக அந்தப் பிரியமான புகை உள்ளே ஊர்ந்து வந்து, இலை வெந்து கிளம்பும் மூத்திர நெடியோடும் மண் வாசத்தோடும் கலந்தது. குவியலுக்குள் எங்கோ இலைகள் சரசரவென்று படிந்தன. யாரோ புரண்டு படுப்பதுபோல இருந்தது. பயந்தாங்கொள்ளி என்று தன்னையே திட்டிக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டி, சாக்கைச் சற்று விலக்கி, அந்த வெதுவெதுப்பான இடத்தில் கையை நுழைத்தான்.

இலைகள் சுலபமாக வழிவிட்டன. மணிக்கட்டு, முழங்கை, அதற்கும் மேலே. ஈரமான தோலைத் தடவுவதுபோல வழவழப்பு. உள்ளே போகப் போகச் சூடு. தோள் குவியலில் முட்டியது, கன்னம் சாக்கில் பதிந்தது. விரல்நுனியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. இலையின் நடுநரம்பு என்று நினைத்தான். ஒன்றல்ல, நாலைந்து நரம்புகள். வரிசையாக.

அவை மடங்கின.

பிடித்துக்கொண்டன.

"மாமா!"

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"உள்ள ஏதோ இருக்கு மாமா."

"இருக்கும்."

"கையப் பிடிச்சிருக்கு. எடுக்க முடியல."

"இழுக்காதீங்க, இலை கிழிஞ்சிடும்" என்றார் மாமனார், நிதானமாகப் புகையை ஊதிவிட்டு. "சூடு எப்படி இருக்கு? அதச் சொல்லுங்க."

மாப்பிள்ளை இன்னொரு கையால் குவியலைத் தள்ளினான். காலை ஊன்றி இழுத்தான். தோள்மூட்டு கழன்றுவிடும்போல வலித்தது. உள்ளே பிடி இறுகவில்லை, தளரவுமில்லை. கட்டைவிரல் ஒன்று அவன் மணிக்கட்டைத் தேடி, நாடியின்மேல் வந்து நின்றது.

வெளியே வளையல் சத்தம். மனைவியின் அக்கா. அவளுடைய கணவரை இவன் பார்த்ததே இல்லை. வெளிநாட்டில் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அப்பா, அவர் இன்னும் சூடா இருக்காரா?"

"குறைஞ்சுபோச்சும்மா. பாவம், நல்லாத்தான் தாங்கினாரு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "நான் ஒருதடவை பாத்துக்கட்டுமா?"

"வேண்டாம்மா. இலை போட்ட பிறகு பிரிக்கக்கூடாது."

மாப்பிள்ளை கத்தினான். மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினான், அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினான். சாக்கும் இலையும் அந்தச் சத்தத்தை அப்படியே குடித்துவிட்டன. அவனுக்கே தன் குரல் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல இருந்தது.

அப்போது பிடி விட்டது. ஒவ்வொரு விரலாக, களைத்துப்போனவன் விடுவதுபோல. உள்ளே நீளமாக ஒரு மூச்சு இறங்கியது. அதோடு குவியலின் நடுவில் எதுவோ சரிந்து தணிந்தது.

இழுத்தான். கை வரவில்லை.

இப்போது யாரும் பிடித்திருக்கவில்லை. கை எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்றுதான் தெரியவில்லை. விரலை அசைத்தான். குவியலின் மறுபக்கம் சரசரத்தது.

கதவு திறந்தது. மனைவி.

"வந்துட்டியா! வெட்டு. கைய வெட்டியாவது எடு. வெளிய கொண்டுபோ. கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் கையில் தண்ணீர்க் கிண்ணம், இடுப்பில் ஒரு கூடை. கூடை நிறையப் புது இலை. அழுதிருந்தாள், கண் வீங்கியிருந்தது. கிட்டே வந்து, முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அவனுக்கு ஒரு கணம் உயிர் வந்தது.

"நாம எங்கயும் போகவேண்டாம்ங்க" என்றாள்.

"கதவச் சாத்தும்மா, ஈரம் போகுது" என்றார் மாமனார் வெளியிலிருந்து.

அவள் திரும்பிப்போய் உள்ளிருந்தே சாத்தினாள். கிண்ணத்தில் விரலை நனைத்து அவன் முகத்தில், கழுத்தில், காதோரத்தில் தண்ணீர் தெளித்தாள். கூடையிலிருந்து அகலமான இலை ஒன்றை எடுத்து அவன் தோளில் போர்த்தி, சுருக்கம் விழாமல் நீவிவிட்டாள். அடுத்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் கண்ணை மூடட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள்.