கன்னக்கோல் கம்பெனியின் ராஜினாமாக்கள்

“என் தங்கச்சிதான் செஞ்சான்னு நிரூபிக்கணும்” என்றார் வந்தவர். “அவளை வேலையை விட்டு அனுப்பியாச்சு. ஆதாரம்தான் இல்ல.”

அனுப்பிய பிறகு ஆதாரம் எதற்கு என்று துப்பறியும் அண்ணி கேட்கவில்லை. வந்தவரின் கண்கள் பல நாள் தூங்காதவை. அண்ணிக்கு உதவியாக இருக்கும் நாத்தனார் அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டாள்.

அவர் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிப்பவர். விளையாட்டின் பெயர் ‘கன்னக்கோல் அண்ட் கம்பெனி’. ஆடுபவர் ஒரு திருட்டுக் கம்பெனியின் மேலாளர். பூட்டுத் திறப்பவனை நேர்காணல் செய்ய வேண்டும்; ஜேப்படிக்காரர்களுக்கு வருகைப்பதிவு வைக்க வேண்டும். வெளியிட இன்னும் ஆறே நாள். போன வாரம் அவரே உட்கார்ந்து கடைசிவரை ஆடியபோது, எல்லாத் திருடர்களும் ஒரே நாளில் ராஜினாமா செய்துவிட்டார்கள்.

அவர் நீட்டிய ராஜினாமாத் தாள்களை நாத்தனார் வாசித்தாள்.

‘ஐயா, உங்கள் கண்ணாடி அறைக் கதவைத் தட்டித் தட்டி என் விரல் தேய்ந்துவிட்டது. பூட்டுத் திறக்க விரல் வேண்டும். ஆகவே விலகுகிறேன்.’

‘மூன்று மாடி ஏறி வந்து லீவு கேட்டேன். இல்லை என்றீர்கள். வாங்கிய மூச்சையாவது திருப்பித் தரவும். இப்படிக்கு, சுவரேறி.’

அவள் சிரித்துவிட்டாள். மூன்றாவது தாளில் சிரிப்பு நின்றது.

‘அப்பா இறந்த அன்றும் காவலுக்கு நின்றேன். யாரும் வரவில்லை.’

“எங்கப்பா போன அன்னிக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன்” என்றார் அவர். “அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். என்னைக் குத்திக்காட்ட அவதான் இதை எழுதி உள்ள நுழைச்சிருக்கா. எல்லார் முன்னாடியும் கேட்டேன். வாயே திறக்கல. ஒண்ணுமே சொல்லாம பையை எடுத்துட்டுப் போயிட்டா.”

“ஃபைல்ல தேதி இருக்குமே” என்றாள் நாத்தனார்.

“புது கம்ப்யூட்டருக்கு மாத்தினப்போ எல்லாம் ஒரே தேதியாயிடுச்சு.”

மதியம் அவருடைய அலுவலகத்துக்குப் போனார்கள். அது தரைத்தளத்தில் ஒரு பழைய கார் கொட்டகை. நீள மேசை ஒன்று. முதலாளியான அவரும் அங்கேயேதான் உட்கார்வார். தங்கையின் நாற்காலி காலியாக இருந்தது. புரோகிராம் எழுதும் பெண் மட்டும் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

“இந்தக் கடுதாசி எப்பம்மா வரும்?” என்று அண்ணி அவளிடம் கேட்டாள்.

“விளையாட்டுல இருநூறு நாள் யாருக்குமே லீவு தராம ஆடினா வரும். நாங்க யாரும் அந்த நாள் வரைக்கும் போனதில்லை. ஒவ்வொரு தடவை மாத்தினதும் முதல் நாள்லேருந்து ஆரம்பிப்போம்.” தயங்கினாள். “லீவு கேட்டா குடுத்தும் விடுவோம். பாவமா இருக்கும்.”

அண்ணி முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

“சார், இங்க மாடி எங்க?”

“மாடியா? ஏது?”

“கண்ணாடி அறை?”

அவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்.

“இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?”

“இன்ஷூரன்ஸ் கம்பெனி. மூணாவது மாடி.”

“உங்க மேலதிகாரி கண்ணாடி அறையில இருந்தாரு. அப்பா போன அன்னிக்கு லீவு தரல. இந்த விளையாட்டை அப்பத்தானே எழுத ஆரம்பிச்சீங்க? அது தங்கச்சிக்கு மட்டும் தெரியும்னு சொன்னீங்க. இன்னொருத்தருக்கும் தெரியும்ல?”

நாத்தனார் எழுதுவதை நிறுத்தினாள்.

“அந்த மாசம் என்ன சாப்பிட்டேன்னுகூட எனக்கு ஞாபகமில்ல” என்றார் அவர்.

தாள்களை மறுபடி வாசித்தார். முதலாளியாக வாசித்தபோது ஒவ்வொரு வரியும் தன்னைக் குத்துவதாகத் தோன்றியது. இப்போது அவை தன் பழைய மேலதிகாரிக்குத் தானே எழுதிய வரிகள். தங்கைக்கு போன் செய்தார்.

“அது நான் எழுதினதும்மா.”

“தெரியும்ணா” என்றது குரல். கொட்டகையின் அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“அப்பா தவறின அந்த வாரம் நீதான் எனக்கு வாசிச்சுக் காட்டின. ரெண்டு பேரும் அழுதுட்டே சிரிச்சோம். உனக்கே ஞாபகம் வருமான்னு உன் முகத்தையே பார்த்துட்டு நின்னேன்.”

“வந்துடும்மா.”

“வேற இடத்துல சேர்ந்துட்டேன்ணா. வேளைக்குச் சாப்பிடு.”

கோபமாகச் சொல்லியிருந்தால், பிடித்துக்கொள்ள அவருக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும்.

புரோகிராம் எழுதும் பெண் மெதுவாகக் கேட்டாள். “அந்தக் கடுதாசிங்களை எடுத்துடட்டுமா சார்?”

“வேணாம்” என்றார் அவர். “நல்லாத்தான் எழுதியிருக்கான், அந்த மூணாவது மாடிக்காரன்.”