காலி வண்டியின் பாரம்

கல்லை இறக்கிய பிறகும் வண்டியின் பின்பக்கம் எழும்பவில்லை.

அமிர்தசாமி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏம்பலம் சாலையோரத்தில் வீட்டை ஒட்டிப் போட்ட கீற்றுக் கொட்டகைதான் அவனுடைய பட்டறை. அதற்குள் நின்றிருந்தது மணவாளனின் பழைய அம்பாசடர். கதவெல்லாம் துரு, பம்பருக்குக் கம்பிக் கட்டு, வெயிலில் வெளுத்துப்போன சாம்பல் நிறம். எந்த நேரமும் வழியில் படுத்துவிடும் கிழட்டு வண்டி என்றுதான் பார்க்கிறவன் சொல்வான். அப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே வெளிப்பக்கம் கை வைக்காதே என்று மணவாளன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நெல்லும் கரும்புமாக வேண்டிய நிலம் இருந்தும் ஆசை அடங்காத மனிதர். பாண்டியிலிருந்து, மதுவிலக்கு இருந்த தமிழ்நாட்டுப் பக்கம் ராவோடு ராவாகச் சாராயம் கொண்டுபோக அவருக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. பசுத்தோல் போர்த்திய புலி மாதிரி ஒன்று.

புலியை அமிர்தசாமி உள்ளே வைத்துவிட்டான். மெட்ராஸ் புதுப்பேட்டையில் உடைத்து விற்ற ஒரு அமெரிக்கக் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின். ரேடியேட்டரை முன்னால் தள்ளி, குறுக்குச் சட்டத்தை வெட்டி ஒட்டி, அதற்கு இடம் பண்ணினான். சைலன்சரை மாற்றிச் சத்தத்தை அமுக்கினான். மிச்சம் இருந்தது பின்பக்கம். சரக்கு ஏறினால் வண்டி பின்னால் குந்திக்கொள்ளும். செக்போஸ்டில் டார்ச் அடிக்கிற போலீஸ்காரன் முதலில் பார்ப்பது அதைத்தான். அதனால் பின் ஸ்பிரிங்குகளில் கூடுதலாகப் பட்டைகளைச் சேர்த்தான். காலியாக இருந்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சரக்கு ஏறினால் மட்டமாகிவிடும்.

மட்டம் பார்க்கப் பாரம் வேண்டுமே. மணவாளனின் டிரைவர் பக்கிரி எங்கேயோ போய், மாட்டு வண்டியில் ஒரு கருங்கல் பலகையை ஏற்றி வந்தான். ஏரிக்கரை வளைவில் இருந்த சுமைதாங்கியின் மேல்கல் அது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டார் எப்போதோ நட்டு வைத்தது. தலைச்சுமையோடு போகிறவர்கள் அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறினால், அவள் இறக்காமல் போன சுமையும் கொஞ்சம் இறங்கும் என்பார்கள்.

"ஒரு ராத்திரிக்குத்தான, காலைல கொண்டுபோய் வெச்சிர்லாம்," என்றான் பக்கிரி.

அமிர்தசாமி ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன். கல்லைக் கல்லாகத்தான் பார்த்தான். பின்சீட்டில் குறுக்காகக் கிடத்தினார்கள். வண்டி மட்டத்துக்கு வந்தது. மறுநாள் சொன்னபடியே எடுத்துப்போய் இரண்டு தூண்களின் மேலும் பழையபடி வைத்துவிட்டார்கள்.

கல் போய்விட்டது. வண்டி மட்டமாகவே நின்றது.

பட்டைகளைக் கழற்றித் தரையில் போட்டுப் பார்த்தான். நல்ல வளைவாகத்தான் இருந்தன, ஒன்றுகூடத் தொய்யவில்லை. திரும்ப மாட்டி ஜாக்கியை இறக்கினான். வண்டி இறங்கியது. நிற்க வேண்டிய உயரத்தில் நிற்காமல் இன்னும் கொஞ்சம் இறங்கியது, நாளெல்லாம் நின்றவள் சாய்ந்து உட்காருவதைப் போல. பெட்ரோலும் கிரீசும் மணக்க வேண்டிய வண்டிக்குள்ளிருந்து வசம்பும் வேப்பெண்ணெயும் கலந்து, பிள்ளை பெற்ற வீட்டு வாடை வந்தது.

மணவாளனுக்குத் தலைகால் புரியவில்லை. "காலியா இருந்தாலும் மட்டம், ஏத்துனாலும் மட்டம்! எந்தப் போலீசுக்குடா தெரியும்? கைகாரன்டா நீ!" என்று முதுகில் தட்டினார். கைகாரன் குனிந்து மறுபடியும் ஸ்பிரிங்கைப் பார்த்தான்.

பக்கிரி ஒருமுறை வில்லியனூர் வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போனான். திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டினான். டிரைவர் பின்னால் பார்ப்பதற்காக உள்ளே இருந்த கண்ணாடியைக் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"நான் இத ஓட்டலபா. வேற ஆள பாக்கச் சொல்லு." கண்ணாடியை முகம் கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவே இல்லை.

அமிர்தசாமி பயந்துபோனான். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். படுத்துக்கொண்டால், சுவருக்கு அந்தப் பக்கம் சீட்டு ஸ்பிரிங் மெல்லக் கிறீச்சிடும். ஒருக்களித்துப் படுத்து, தாங்காமல் மறுபக்கம் திரும்புகிறவர்களின் சத்தம். அது அவனுக்குத் தெரியும். பக்கத்தில் அவன் மனைவி ஆரோக்கிய செல்வியும் நிறைமாதத்தில் அப்படித்தான் புரண்டுகொண்டிருந்தாள். இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கியது. அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்து, "உதைக்கிறான் பாருங்க," என்பாள். உள்ளே அது முட்டும். அந்த ஒரு முட்டுக்காக அமிர்தசாமி எதையும் கொடுப்பான்.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் செல்விக்கு வலி எடுத்தது. வெளியே நல்ல மழை. மருத்துவம் பார்க்கிற காசம்மாள் வந்து, வயிற்றைத் தடவிப் பார்த்து, முகம் மாறினாள்.

"கொயந்த குறுக்க கெடக்குது அமிர்து. என்னால ஆவாது. பாண்டி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போ. தாமசம் பண்ணினா ரெண்டு உசுரும் தங்காது."

"மாட்டு வண்டி எதுனா கெடைக்குதா பாக்குறேன்கா."

"பைத்தியமா ஒனக்கு? பட்டறைல காரை வெச்சிகினு மாட்டு வண்டி தேடுற!"

அவன் லாந்தரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனான். வண்டி மட்டமாக நின்றது. பின்கதவைத் திறந்தான். யாரும் இல்லை. சீட்டின் ஓரத்தில் மட்டும் ரெக்சின் இழுபட்டு, ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நீவிவிடலாம் என்று கையை வைத்தான். ரெக்சின் சூடாக இருந்தது.

மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னான். ஆனால் வேறு வழி இல்லை.

செல்வியைத் தூக்கிவந்து உள்ளே கிடத்தினான். காசம்மாள் துணைக்கு மறுபக்கக் கதவைத் திறந்து, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்தாள். அப்படியே நின்றாள். பிறகு காலை எடுத்து, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"பின்னாடி ஒக்காருக்கா. அவளுக்குத் தொணையா இருக்கும்."

"எடமில்ல," என்றாள் காசம்மாள். அதன் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எஞ்சினைக் கிளப்பினான். ஆறு சிலிண்டரும் சீராகப் பிடித்தன. எத்தனை நாள் ஆசையாக ராவிப் பூட்டிய எஞ்சின்! மிதித்ததும் வண்டி சாலையில் பாய்ந்தது. வெளிச்சத்தில் மழைக் கம்பிகளும் புளியமரங்களும் கரும்புத் தோட்டங்களும் எதிரே வந்து பின்னால் ஓடின. சக்கரம் தண்ணீரைக் கிழிக்கும் சத்தம், வைப்பரின் சத்தம், செல்வியின் முனகல். அந்த முனகல் அடங்கியதும் இன்னொரு முனகல். அது செல்வியின் குரல் இல்லை.

கண்ணாடி இருந்த இடத்தில் திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

"ஏங்க," என்றாள் செல்வி. "இந்தம்மாவக் கொஞ்சம் நவுரச் சொல்லுங்க."

காசம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஏரிக்கரை வளைவு. விளக்கொளியில் சுமைதாங்கி வந்தது. இரண்டு தூண், மேலே கல், எல்லாம் சரியாக இருந்தது. அமிர்தசாமி பிரேக்கை மிதித்தான். மழையில் இறங்கி ஓடி, காசம்மாள் ஏறாமல் விட்ட பக்கத்துப் பின்கதவைத் திறந்தான். உள்ளே பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டான்.

"எறங்கிடும்மா. ஒன் கல்ல வெச்சிட்டோம். தெரியாம எடுத்துட்டோம்மா. எம் புள்ளைய விட்டுடு. எறங்கிடு."

மழை. ஏரித் தவளைகள். வண்டி அசையவில்லை.

"கதவ சாத்துங்க," உள்ளிருந்து செல்வி சொன்னாள். "குளுருதாம் அவங்களுக்கு."

சாத்தினான். ஓட்டினான். வேகம். இன்னும் வேகம். ஜெபம் பாதியில் மறந்துபோனது. வில்லியனூர் தாண்டியது. பின்னால் இரண்டு மூச்சு. ஒன்று ஏறினால் ஒன்று இறங்கியது. பிறகு இரண்டும் சேர்ந்து ஏறின. சேர்ந்தே இறங்கின. வசம்பு வாடை. செல்வி யாருக்கோ ம் கொட்டிக்கொண்டே வந்தாள். என்ன கேட்கிறாள் அவள்? எதற்குச் சரி என்கிறாய் செல்வி?

ஆஸ்பத்திரி வாசலில் வெளிச்சம் இருந்தது. ஆட்கள் இருந்தார்கள். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து, செல்வியை இறக்கிக் கிடத்தி, வெள்ளைத் துணியால் மூடினார்கள்.

அப்போது பின்னால் கிறீச்சென்று ஒரு சத்தம். திரும்பினான். வண்டியின் பின்பக்கம் எழும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக, பட்டை பட்டையாக நிமிர்ந்து, அவன் கணக்குப் போட்ட உயரத்துக்கு வந்து நின்றது. காலி வண்டி.

போய்விட்டாள்! அமிர்தசாமிக்கு அழுகை வந்தது. வண்டியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி தேம்பினான்.

"ஏய், புடிபா! புடி!"

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிய ஆளின் முழங்கால் மடிந்தது. "இன்னாபா இந்தக் கனம்? இன்னும் ரெண்டு பேரக் கூப்புடு!"

செல்வி ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அவள் நடுவில் இல்லை. ஒரு ஓரமாக ஒதுங்கி, கை வெளியே தொங்கப் படுத்திருந்தாள். மறுபாதியில் யாரும் இல்லை. அங்கேதான் ஸ்ட்ரெச்சரின் கித்தான் தரையைத் தொடுகிற அளவுக்குத் தொய்ந்திருந்தது.

அமிர்தசாமி ஓடினான். கதவுக்குள் நுழைவதற்குள் எட்டிவிட்டான்.

மூடியிருந்த துணியில் செல்வியின் வயிறு மேடாகத் தெரிந்தது. பக்கத்தில், காலியாகக் கிடந்த பாதியில், துணி மெல்ல எழும்பி இன்னொரு மேடானது.

செல்வியின் மேடு அசையவில்லை. பக்கத்து மேட்டுக்குள்ளிருந்து, துணி துள்ளும்படி, ஒரு பிள்ளை உதைத்தது.