எல்லாம் ஒரே ஆப்புல!

மனிதக் குரலின் விலை மாதம் இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய். வரி தனி. முதல் வாரம் இலவசம்!

ஃபோன் அலறியது.

காலை பதினொரு மணி. ஹாலில் மூன்று பேர். நான்கு நாளாகக் காணாமல் போயிருக்கும் முதலாளியின் மனைவி. சோபாவில் சாய்ந்து மொபைலைத் தட்டிக்கொண்டிருந்த முதலாளியின் தம்பி. எதிரே, ஆறிப்போன காபியோடு இன்ஸ்பெக்டர்.

திரையைப் பார்த்தவள் வெளிறினாள்.

"அவர்தான்...!"

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் பேசறேன்..." கணவனின் அதே கரகரப்பு! "நல்லா இருக்கேன். போலீஸெல்லாம் வேணாம். கம்பெனியை விக்கறேன். உன் மொபைலுக்கு ஆறு இலக்க நம்பர் வந்திருக்கும். சொல்லு."

"எங்க இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?"

மூன்று விநாடி மௌனம்.

"அதெல்லாம் அப்புறம். நம்பர்!"

தம்பி தலை நிமிராமல் உறுமினான். "அதான் கேக்கறாரே! குடுத்துத் தொலைங்களேன்."

"நீ வாயை மூடு. இது புருஷன் பொண்டாட்டி பேச்சு."

"பெரிய பொண்டாட்டி! அண்ணன் பிரௌசிங் சென்டர் வெச்சப்போ மெயிலுக்கு ஒரு மிஷின், ஃபேக்ஸுக்கு ஒரு மிஷின்னு அல்லாடினவன் நான். இன்னிக்கு ஃபோன், பூட்டு, கேமரா எல்லாத்தையும் ஒரே ஆப்புல கொண்டு வந்ததும் நான். பங்கு மட்டும் உங்களுக்கா?"

அவன் பேசி முடிக்கும் வரை ஃபோன் மூச்சு விடவில்லை.

இன்ஸ்பெக்டர் காபியைக் கீழே வைத்தார்.

"நம்பர் தர மாட்டேன்," என்றாள் அவள் ஃபோனிடம். "முகத்தைக் காட்டுங்க!"

தம்பியின் கட்டைவிரல்கள் பறந்தன. ஆத்திரமாக... அவசரமாக...

கணவனின் குரல் வெடித்தது.

"பிடிவாதம் பிடிக்காதீங்க அண்ணி!"

இன்ஸ்பெக்டர் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"பதினெட்டு வருஷத்துல," அவள் மெதுவாகச் சொன்னாள், "என்னைச் சனியனேன்னுகூட கூப்பிட்டிருக்கார். அண்ணின்னு கூப்பிட்டதே இல்லை."

தம்பி பாய்ந்தான். இன்ஸ்பெக்டரின் கால் குறுக்கே நீண்டது.

தொபீர்!

மொபைல் அவர் கையில். தம்பி டைப் செய்ததை அண்ணன் குரலில், அண்ணன் நம்பரிலிருந்து பேசியிருக்கிறது ஆப், அதுவும் முதல் வார இலவசத்தில். கடைசி வரி அழியாமல் நின்றது... 'அண்ணி' உட்பட!

"அண்ணன் எங்கடா?"

"தெரியாது!"

அவள் மொபைலைப் பிடுங்கினாள். "எல்லாம் ஒரே ஆப்புலதானே வெச்சிருக்கே?"

கேமரா, மைக் பட்டன்களைத் தொட்டாள். பழைய கோடவுன். நாற்காலியில் கட்டப்பட்ட ஓர் உருவம். தலை தொங்கியிருந்தது...

"என்னங்க!" என்று வீறிட்டாள்.

தலை நிமிர்ந்தது.

"சனியனே... நம்பரைச் சொல்லித் தொலைச்சிட்டியா?"

"இவர்தான்!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "இவரேதான் சார்!"

கோடவுனுக்கு வண்டி அனுப்பச் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் தம்பிக்கு விலங்கு மாட்டினார்.

"ஒரே ஆப்புல எல்லாத்தையும் வெச்சே... அதுவே உனக்கு ஆப்பு வெச்சிடுச்சு! இலவசம் ஏழு நாள். நாலு போச்சு. பாக்கி மூணு நாளும் ஸ்டேஷன்ல உன் சொந்தக் குரல்லயே கத்தலாம்... அதுக்கு வரி கிடையாது!"