மூன்று வாட் வெளிச்சம்

நெடுங்குகையில் விடியலைச் சைக்கிள்கள்தான் கொண்டுவந்தன. காலை ஆறே முக்காலுக்குக் குடியிருப்பின் காற்றுக்கதவு திறந்ததும் ஆயிரத்துச் சொச்சம் பேர் வரிசையாக மிதித்துக்கொண்டு இறங்குவார்கள். ஒவ்வொரு சைக்கிளின் முன்னாலும் ஒரு விளக்கு. எரிமலைக் குழம்பு ஓடி வடிந்தபின் செவ்வாய்க் கிரகத்தின் தோலுக்கடியில் மிஞ்சிய ஏழு கிலோமீட்டர் பாறைக்குழாய் அந்தக் குகை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்ல வெளுக்கும். அரை மணி நேரத்தில் எல்லோரும் பயிர் விளையும் பசுங்கூடங்களுக்குள் போய்விட்டால் மறுபடி இருட்டு. அங்கே பிறந்த குழந்தைகளுக்கு வெளிச்சம் என்றால் யாரோ மிதிக்கிறார்கள் என்று அர்த்தம்.

அணு உலை தந்த மின்சாரம் காற்றுக்கும் தண்ணீருக்கும் கதகதப்புக்குமே சரியாக இருந்தது. அதற்கு உயிர்மின் என்று பெயர். அதில் ஒரு சொட்டுக்கூட சொந்த வேலைக்கு எடுக்கக்கூடாது. விளக்கோ, எல்லோர் கையிலும் இருந்த கைத்திரையோ, அவரவர் கால்மின்னில்தான் ஓடவேண்டும். மிதிக்க முடியாதவர்கள் குகையின் இடது ஓரப் பாதையில், மிதிப்பவர்களின் வெளிச்சத்தில் நடந்து போகலாம். குடியேறிய முதல் வருடமே எழுதிய விதி அது.

தனிஸ்லாஸுக்குக் காற்று வடிகட்டிகளைச் சோதிக்கும் வேலை. முப்பத்தி நாலு வயது. மூன்று வாரமாக அவன் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது ஒரே விஷயம்: எந்தக் குடமின்னாக்கியை வாங்குவது? முன்சக்கரத்தின் நடுவே ஆரக்கம்பிகள் சேருகிற குடத்துக்குள் காந்தத்தையும் சுருளையும் வைத்து, சக்கரம் சுற்றச் சுற்ற மின்சாரம் எடுக்கும் கருவி அது. பழையது தேய்ந்து கரகரத்தது. கிடங்கில் நாற்பது வகை இருந்தன. ஒன்று இலகுவாகச் சுற்றும், ஆனால் மெதுவாகப் போனால் மின்சாரம் வராது. இன்னொன்று நிறையத் தரும், ஆனால் மேட்டில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். வேறொன்று சைக்கிள் நின்றபின்னும் ஐந்து நிமிடம் விளக்கை எரியவைக்கும். எதுவானாலும் சராசரி வேகத்தில் கிடைப்பது மூன்று வாட்தான். விளக்குக்கே அது சரியாகிவிடும். கைத்திரைக்கும் பகிர்ந்தால் விளக்கு மங்கும், சார்ஜும் நகராது.

"விளக்குக்கா, சார்ஜுக்கா? அதை முதல்ல சொல்லுங்க," என்றார் கிடங்குக்காரர் வேதமுத்து.

"விளக்குக்குத்தான்," என்றான் தனிஸ்லாஸ் சட்டென்று.

வேதமுத்து அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, கேட்காமலேயே கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். கைப்பிடியில் பொருத்த ஒரு சின்ன மாற்றுவிசை அதோடு வந்தது. வலப்பக்கம் தள்ளினால் மூன்று வாட்டும் விளக்குக்கு. இடப்பக்கம் தள்ளினால் மூன்று வாட்டும் கைத்திரைக்கு.

"இதுதான் இப்ப எல்லாரும் வாங்குதாங்க. விளக்குக்குத்தான்," என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தனிஸ்லாஸுக்குக் காதுமடல் சுட்டது. நின்றபின் எரியும் வகையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தான்.

முதல் வாரம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்றுதான் விசையை இடப்பக்கம் தள்ளினான். முன்னால் போகிறவர் விளக்கு போதுமே என்று தோன்றியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது வாரம் காற்றுக்கதவைத் தாண்டியதுமே கட்டைவிரல் தானாக இடப்பக்கம் போனது. கைப்பிடியில் மாட்டிய கைத்திரையில் தெருக்குழுவின் அரட்டையோ ஒரு தொடரோ ஓடும். பாதை நேரானது, கால் பழகியது. குனிந்த தலை நிமிராமலேயே பசுங்கூடம் வந்துவிடும்.

அந்தப் புதன்கிழமை காலை, நாலாவது கிலோமீட்டரில், முன்னால் ஒரு அலறல் கேட்டது. தகரத் தட்டு ஒன்று பாறையில் மோதி உருண்டது. தனிஸ்லாஸின் கைப்பிடி ஒரு துணியை உரசிக்கொண்டு போனது. அவன் பதறிப்போய் விசையை வலப்பக்கம் தள்ளினான்.

அதே நொடியில் அவனுக்கு முன்னும் பின்னும் நாற்பது விளக்குகள் ஒன்றாக எரிந்தன.

அதுவரை அங்கே ஒரு விளக்கும் எரியவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்கள். சைக்கிள்கள் நிற்க நிற்க விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கி அணைந்தன. பிறகு கைத்திரைகளை எடுத்து வெளிச்சம் காட்டினார்கள். எல்லாவற்றிலும் சார்ஜ் நிறைந்திருந்தது.

ஓரப்பாதையை ஒட்டிக் கித்தேரி கிடந்தார். பசுங்கூடத்தில் விதை பிரிப்பவர், முழங்கால் வலியால் மூன்று வருடமாக நடந்தே வேலைக்கு வருகிறவர். நாற்றுத்தட்டு ஒரு பக்கம், நாற்றுகள் ஒரு பக்கம். செவ்வாயில் உடம்பின் எடை குறைவு; மோதுகிற சைக்கிளின் வேகம் குறைவதில்லை. அங்கே எலும்புகளும் பூமியில் இருப்பதுபோல் உறுதியானவை அல்ல. இடுப்பிலும் தொடையிலும் முறிவு என்று மருத்துவக்கூடத்தில் சொன்னார்கள். மூன்று சைக்கிள்கள் அவர்மேல் பட்டிருந்தன. யாருடையவை என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாரும் முயலவும் இல்லை.

மறுநாள் குடியிருப்பு அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"உங்க விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது சார்," என்றான் தனிஸ்லாஸ். எச்சில் விழுங்குவதற்குள் பதில் வெளியே வந்துவிட்டது.

அவனுக்கு முன் வந்த நாற்பது பேரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். எல்லா விளக்கும் எரிந்த இடத்தில் விபத்து எப்படி நடந்தது? அதிகாரி யோசித்து, 'குகைத்தூசியால் பார்வைக் குறைவு' என்று எழுதி அறிக்கையை முடித்தார். தூசிக்கு மறுப்பு சொல்ல வாய் இல்லை.

தனிஸ்லாஸால் சாப்பிட முடியவில்லை. அந்தத் துணி உரசிய நினைவு இடது கையிலேயே இருந்தது. மனைவி மெர்லின், "உங்களுக்கு எங்கயாவது அடி பட்டுச்சா?" என்று இரண்டு முறை கேட்டாள். இல்லை என்றான். அதைச் சொல்வதற்கும் கூச்சமாக இருந்தது.

இதற்கிடையில் தெருக்குழுவில் அனுதாபம் பொங்கியது. கித்தேரி அக்கா சீக்கிரம் குணமாக வேண்டும் என்று எழுதாதவர் இல்லை. யாரோ ஒரு யோசனை சொன்னார்கள்: ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எல்லோரும் விபத்து நடந்த இடத்தில் கூடி, அவரவர் கைத்திரையில் ஒரு தீபத்தை ஏற்றி ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். தீபத்தின் படமும் வந்துசேர்ந்தது. சுடர் அசையும் படம். ஆயிரம் பேரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் முழு வெளிச்சத்தில் திரை எரிய நிறைய சார்ஜ் வேண்டும். அதனால் வெள்ளி, சனி இரண்டு நாளும் குகையில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தனிஸ்லாஸ் விசையை வலப்பக்கம் தள்ளிவிட்டு, பசுங்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த மருத்துவக்கூடத்துக்குப் புறப்பட்டான். வழியெங்கும் இருட்டில், திரை வெளிச்சம் பட்ட நீல முகங்கள் அவனைக் கடந்தன. "அண்ணே, சார்ஜுக்கு மாத்துங்க! ஆறு மணிக்குத் தீபம் ஏத்தணும்ல!" என்று ஒருவர் அக்கறையோடு கத்திக்கொண்டு போனார்.

கித்தேரி காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். அவனைப் பார்த்ததும் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"நேர்லயா வந்திய? எல்லாரும் எழுதித்தான போட்டாங்க."

உட்காரச் சொன்ன நாற்காலியில் அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

"அக்கா, அன்னைக்கு என் விளக்கு எரியல. எம் சைக்கிளும் உங்க மேல பட்டுச்சு. விசாரணையில எரிஞ்சுதுன்னு பொய் சொன்னேன்."

கித்தேரி தலையணையில் மறுபடி சாய்ந்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி. நாலு மாசமா இருட்டுக்குள்ளதான நடக்கேன். மூஞ்சி மட்டும் நீலமா மிதந்து வரும். அது எந்தப் பக்கம் போகும்னு தெரியாது. செவுத்தோட செவுரா ஒட்டி நிப்பேன். அன்னைக்குக் கையில தட்டு இருந்துச்சு, ஒட்ட முடியல."

"சொல்லியிருக்கலாமே அக்கா."

"குழுவுல எழுதினேனே. விளக்கு போட்டுட்டு வாங்க, நடக்கிறவங்களுக்குக் கண்ணு தெரியலன்னு. நூத்தி எட்டுப் பேரு கைகூப்புப் படம் போட்டாங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்களும் போட்டிருந்திய."

அவனுக்கு அது நினைவே இல்லை. எந்த நாளில், எந்தக் கிலோமீட்டரில், விளக்கை அணைத்து எடுத்த மின்சாரத்தில் அந்தக் கைகூப்பைப் போட்டிருப்பான்? தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல வாயெடுத்தான். அதுவும் இன்னொரு கைகூப்பு மாதிரி இருந்ததால் மூடிக்கொண்டான்.

"நான் வாறேன் அக்கா," என்று மட்டும் சொன்னான்.

வெளியே வந்தபோது மருத்துவக்கூடத்து வாசலில், குகைச் சுவரை ஒட்டிப் பத்துப் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். வேலை முடித்த தாதி ஒருத்தி, நிறைமாதக் கர்ப்பிணி, ஊன்றுகோலோடு ஒருவர், கையில் கட்டுப்போட்ட ஒருவர். மிதிக்க முடியாதவர்கள். வீட்டார் மிதித்துத் தரும் சொச்ச சார்ஜில் அவர்கள் நாலு வரி எழுதலாம்; வழிக்கு வெளிச்சம் காட்ட அது போதாது. வெளிச்சத்தோடு யாராவது வருவார்களா என்று வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும் மாலையில் இப்படித்தான் காத்து நிற்கிறார்களாம். இத்தனை வருடத்தில் இந்த முகங்களில் ஒன்றைக்கூடத் தான் பார்த்ததில்லை என்பது தனிஸ்லாஸுக்கு உறைத்தது.

"குடியிருப்புக்குத்தான போறீங்க?" என்றாள் தாதி. "கொஞ்சம் மெதுவாப் போவீங்களா?"

அவன் மெதுவாக மிதித்தான். நடக்கிறவர்கள் வேகத்துக்குச் சக்கரம் சுற்றினால் விளக்கு துடித்துத் துடித்து மங்கியது. வேகம் கூட்டினால் அவர்கள் பின்தங்கினார்கள். நின்றாலும் எரியும் வகையை வாங்கியிருந்தால் என்று நினைத்துக்கொண்டான். கடைசியில் இறங்கி, முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையால் முன்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே பின்சக்கரத்தில் உருட்டி நடந்தான். பாதை நன்றாகத் தெரிந்தது. அவர்கள் வெளிச்சத்துக்குள் நெருங்கி நடந்துவந்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது நன்றி சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

நாலாவது கிலோமீட்டரில் கூட்டம் நின்றிருந்தது. ஆயிரம் கைத்திரைகள், ஆயிரம் தீபங்கள், எல்லாச் சுடரும் ஒரே மாதிரி அசைந்தன. ஓரப்பாதையை அடைத்துக்கொண்டு நின்றவர்களிடம் தாதி, "கொஞ்சம் வழி விடுங்க," என்றாள். தனிஸ்லாஸின் விளக்கு அவர்கள் மேல் விழுந்ததும் திரைகளில் இருந்த சுடர்கள் வெளிறின. முன்வரிசையில் நின்ற ஒரு பெண் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு எரிச்சலோடு திரும்பினாள்.

"யாருங்க அது? அந்த விளக்கை அணைங்க! வெளிச்சத்துல தீபமே தெரியமாட்டேங்குது!"