கிளாவரா, டைமனா

"திருட்டு ஆட்டம் ஆடினோம்னு சொல்லிட்டாங்க" என்றார் பல் டாக்டர், உட்காருவதற்கு முன்பே.

துப்பறியும் அம்மாளை எல்லோரும் 'நிதானம்' என்பார்கள். உதவியாளர் பெண்ணுக்குப் பெயர் 'பட்டாசு'. நிதானம் நாற்காலியைக் காட்டினார். பட்டாசு அதற்குள் கொதிக்கத் தொடங்கியிருந்தாள்.

பிரிட்ஜ் சீட்டாட்டம், அரையிறுதி. டாக்டரும் அவர் தம்பியும் ஜோடி. எது துருப்பு, எத்தனை பிடி என்று முடிவாகும் ஏலத்தைத் தம்பி ஆட்டின் சொல்லித் தொடங்கினான். எதிராளியான கிளப் செயலாளர், தன்னிடம் கிளாவரும் டைமனும் நீளம் என்று அறிவிக்கும் ஏலத்தைச் சொன்னார். எதிராளி காட்டிய சீட்டு வகையையே திருப்பிச் சொல்லி ஜோடிக்குச் சேதி அனுப்புவது 'கியூ'. இப்போது டாக்டர் முன்னால் இரண்டு கியூ. கிளாவர் என்றால், 'உன் ஆட்டினுக்கு நான் துணை, கையும் பலம்.' டைமன் என்றால், 'என்னிடம் ஸ்பேட் நீளம்.' எதிராளிகளுக்கும் முன்பே சொல்லிவைத்த ஏற்பாடு. டாக்டர் யோசித்துக் கிளாவர் என்றார். தம்பி ஒரே தாவலில் ஆட்டின் ஆறுக்குப் போனான். பதின்மூன்றில் பன்னிரண்டு பிடி எடுத்தாக வேண்டும், எடுத்தான்.

டாக்டர் யோசிக்கும்போது தம்பி காதை இழுத்தானாம். 'என்னிடம் கிளாவரே இல்லை' என்று அதற்கு அர்த்தமாம். அதனால்தான் டாக்டர் கிளாவரைத் தேர்ந்தெடுத்தாராம். செயலாளரின் புகார் இது. சாயங்காலம் குழு கூடுகிறது. குற்றம் என்று முடிவானால் அக்காவும் தம்பியும் இனி எந்தப் போட்டியிலும் உட்கார முடியாது.

நிதானம் ஒன்றுதான் கேட்டார்: முதல் சீட்டு எது?

செயலாளர் கையில் கிளாவர் ஆஸ், டைமன் ஆஸ் இரண்டுமே இருந்தன. அவர் இறக்கியது கிளாவர் ஆஸ் என்றார் டாக்டர். கிளாவரே இல்லாத தம்பி அதைத் துருப்பால் வெட்டினான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று பட்டாசு முணுமுணுத்தாள்.

குழு அறையில் செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர்கிட்ட நாலு ஆட்டின், பலமான கை. ஸ்பேட் ரெண்டே ரெண்டு. அவங்க டைமன் சொல்லியிருக்க முடியுமா சார்?" என்றார் நிதானம்.

"முடியாது. ஸ்பேட் நீளம் இல்லையே."

"அப்போ தம்பி காதை இழுத்தாலும் மூக்கைச் சொறிஞ்சாலும் அவங்க தேர்ந்தெடுக்க வேண்டியது கிளாவர்தான். அந்தக் கியூ தம்பி கையைப் பத்தினது இல்ல. அக்கா தன் கையைத் தம்பிக்குச் சொல்றது."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காதை இழுத்ததை நான் பாத்தேன்" என்றார் செயலாளர் விடாமல். "அவன்கிட்ட கிளாவர் இல்லன்னு அந்த நிமிஷமே புரிஞ்சுபோச்சு."

"அந்த நிமிஷமேவா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் சார் கிளாவர் ஆஸை இறக்கினீங்க?"

மிச்சத்தை நிதானமே விளக்கினார். ஆஸ் வெட்டுப்பட்டதும் டாக்டரிடமிருந்த கிளாவர் ராஜா உயிர் பெற்றது. தோற்கவிருந்த டைமன் இரண்டில் ஒன்றைத் தம்பி அதன்மேல் கழித்துவிட்டான். டைமன் ஆஸ் முதலில் வந்திருந்தால் இரண்டு பிடியும் போய் ஆட்டமே கவிழ்ந்திருக்கும். கிளாவர் இல்லை என்று தெரிந்த எவனும் அந்த ஆஸைத் தொட்டிருக்க மாட்டான்.

"தோத்ததுக்கப்புறம்... அப்படித்தான் இருக்கும்னு தோணுச்சு" என்றார் செயலாளர், மேசையைப் பார்த்தபடி.

நிதானம் அவரை இன்னும் நாலு கேள்வி கேட்டு நாறடிப்பார் என்று பட்டாசு காத்திருந்தாள். அவரோ டாக்டர் பக்கம் திரும்பினார்.

"நானா இருந்தா பயந்துபோய் ஆட்டின் நாலோட நிறுத்தியிருப்பேன் டாக்டர். நீங்க ஒரே சொல்லுல உங்க கையையே தம்பி முன்னால விரிச்சு வச்சுட்டீங்க."

புகார் தள்ளுபடி என்றார் குழுத் தலைவர். டாக்டர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாடா," என்றார் தம்பியிடம், "இறுதி ஆட்டத்துல யாரோட மோதப்போறோம்னு பாத்துட்டு வரலாம்."