ஆமைக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து

போன் அடித்தது.

காலை ஏழு மணி. ஸ்டோர்கீப்பர் முகம் கழுவிக்கொண்டிருந்தான். யார் என்று பார்க்காமலே தெரிந்தது.

"அண்ணே, நான்தான்." நண்பன் ஆமையின் மனைவி. "அவர் இன்னும் வீட்டுக்கு வரல. மலையிலேர்ந்து நேரா நைட் ஷிப்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே நேத்து கிளம்பினாரு? போனும் ஸ்விட்ச் ஆஃப்."

"அப்படியா?"

"உங்ககூடத்தானே இறங்கினாரு?"

அவன் குழாயை மூடினான்.

"ஆமாம்மா. ஒண்ணாத்தான் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டுல பிரிஞ்சுட்டோம்."

"அப்ப சரி. உங்ககூடப் போனா எனக்குப் பயமே இல்லண்ணே. எங்கயாவது அரட்டை அடிச்சுட்டு நிப்பாரு. வரட்டும், இருக்கு அவருக்கு."

போனை வைத்தாள்.

அவன் கண்ணாடியைத் துடைத்தான். கண்ணாடி சுத்தமானது. முகம் அப்படியே இருந்தது.

ஆமை இறங்கவே இல்லை.

நேற்று மதியம்... மலைப் பாதையின் கடைசி வளைவு. மரங்கள் விலகி, பாறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்த இடம். இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

பாட்டில் தொழிற்சாலையில் ஒருவன் ஸ்டோர்கீப்பர், இன்னொருவன் ஃபிட்டர். பதினோரு வருட நட்பு. எங்கும் அரை மணி பிந்தி வருவதால் ஃபிட்டருக்கு 'ஆமை' என்று பெயர். அந்த அரை மணியை வருகைப் பதிவேட்டில் மறைப்பது ஸ்டோர்கீப்பரின் வேலை. தினமும் தன் கையெழுத்து ஒன்று. அதற்குக் கீழே ஆமையின் கையெழுத்து ஒன்று.

"டேய், ஒரு விஷயம் சொல்லணும். திட்டக் கூடாது," என்றான் ஆமை.

"சொல்லித் தொலை."

"சூப்பர்வைசர் போஸ்ட்... எனக்குக் குடுத்துட்டாங்க."

"உனக்கா? எதை வச்சு?"

"மேனேஜர் பதிவேட்டைப் பார்த்தாராம். பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூட நான் லேட் இல்லையாம்." ஆமையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உன் கையெழுத்தைவிட என் கையெழுத்து அழகா இருக்காம்டா."

அந்தப் பதவிக்காக ஆறு வருடம் காத்திருந்தவன் ஸ்டோர்கீப்பர்.

கை தானாக நீண்டது. மார்பில் ஒரு தள்ளு. அவ்வளவுதான்.

கிளைகள் முறியும் சத்தம்... கற்கள் உருளும் சத்தம்... பிறகு எதுவும் இல்லை.

ஒரு தடவை கூப்பிட்டான். பதில் இல்லை. இரண்டாம் தடவை கூப்பிடத் தைரியம் வரவில்லை.

ஓடினான்.

அடிவாரத்தில் வனத்துறை செக்போஸ்ட். மேலே போகிறவர்கள் போகும்போதும் திரும்பும்போதும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மாலைக்குள் திரும்பாத பெயர் இருந்தால் ஆட்கள் தேடப் போவார்கள்.

அங்கிருந்த ஃபாரஸ்ட் கார்டு யாருடனோ போனில் பேசியபடி நோட்டைத் தள்ளினார். ஸ்டோர்கீப்பர் நேரம் எழுதினான். கையெழுத்துப் போட்டான்.

கை நிற்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம். அடுத்த வரிக்கு இறங்கி, அங்கேயும் போட்டது.

"ரெண்டு பேரும் வந்தாச்சா? சரி, போங்க."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இனி ஆமையை யாரும் தேட மாட்டார்கள்.

திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. தள்ளியது ஒரு விநாடிக் கோபம். திரும்பிப் போய்ச் சொல்லாமல் இருந்ததற்கு என்ன பெயர்? இரவு முழுக்க அவன் கண் மூடவில்லை.

பதில் வரவில்லை என்றால் செத்துவிட்டான் என்று அர்த்தமா? மயக்கமாக இருந்தால்?

'உங்ககூடப் போனா எனக்குப் பயமே இல்லண்ணே.'

முகத்து ஈரம் காயும் முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

எட்டரை மணி. செக்போஸ்ட் வாசலில் போலீஸ் ஜீப். உள்ளே மேஜையில் குனிந்து, சப்-இன்ஸ்பெக்டர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கார்டு.

"சார்..."

"மேல போறதுன்னா வெளியில நில்லுங்க," என்றார் கார்டு.

"இல்ல சார். மேலே ஒருத்தன் விழுந்து கிடக்கான். கடைசி வளைவுக்குக் கீழே. உயிரோட இருக்கலாம். உடனே ஆள் அனுப்புங்க."

சப்-இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

யாரோ சொன்னார்கள் என்று சொல்லலாம். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம்...

"நான்தான் தள்ளினேன். என் ஃப்ரெண்டு. அவன் இறங்கிட்டதாக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

பிறகு, உள் அறையிலிருந்து ஒரு முனகல்.

"அடப்பாவி..."

கார்டு கதவைத் தள்ளினார்.

பெஞ்சில் ஆமை! தலையில் கட்டு. கழுத்திலிருந்து தொங்கிய துணியில் இடது கை. முகமெல்லாம் கீறல்.

ஸ்டோர்கீப்பர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"விடியக்காலையில ரோந்து போனவங்க பார்த்து, ஏழரைக்குத்தான் தூக்கிட்டு வந்தாங்க," என்றார் கார்டு. "நோட்டுப்படி வெளியே போனவர் உள்ளே கிடக்கறாரேன்னுதான் நான் ஸ்டேஷனுக்குச் சொன்னேன்."

"அழகா சொல்லி முடிச்சிருந்தேன்டா," ஆமை பல்லைக் கடித்தான். "ரெண்டு பேரும் இறங்கினோம், அவன் போயிட்டான், மறந்துட்டு வந்த போனை எடுக்க நான் மட்டும் திரும்ப ஏறினேன், கால் வழுக்கிடுச்சுன்னு. சார் ஒரு பக்கம் எழுதிட்டார். ரெண்டு வரிதான் பாக்கி."

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"ராத்திரி பூரா படுத்து யோசிச்சேன். அங்க எனக்கு வேற என்ன வேலை? உன் போஸ்டை வாங்கிட்டு உன் மூஞ்சிக்கு நேரா இளிச்சிருக்கேன். நானா இருந்தா ரெண்டு கையாலயும் தள்ளியிருப்பேன்."

ஸ்டோர்கீப்பர் அழுதான். சத்தமே வராமல், தோள்கள் மட்டும் குலுங்க.

சப்-இன்ஸ்பெக்டர் எழுதிய தாளை ஒரு தடவை ஆசையாகப் படித்தார். பிறகு நாலாகக் கிழித்தார்.

"ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எழுதியிருந்தேன்யா. தள்ளுனவர் உண்மை பேசறார், விழுந்தவர் பொய் சொல்றார். இப்படி ஒரு கேஸை நான் எந்த செக்ஷன்ல எழுதறது?"

"என்னை எங்க வேணா கூட்டிட்டுப் போங்க சார். முதல்ல இவனை ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க."

"ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் சேர்த்து என்கிட்ட ஜீப் ஒண்ணுதான் இருக்கு." அவர் தொப்பியை எடுத்து மாட்டினார். "ரெண்டு பேரும் பின்னாடி ஏறுங்க. கதவு சரியா சாத்தாது... வழியில யாரும் யாரையும் தள்ளக் கூடாது."